செம்மண்ணிலிருந்து காயலான் கடை வரை

கொல்லிமலைக்குச் சைக்கிளில் ஏறுகிறவர்கள் காரவள்ளி அடிவாரத்தில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணியபடி மேலே போவார்கள். பெரும்பாலும் அலுமினிய வண்டிதான். அதே மலையில் அலுமினியத்துக்கான பாக்சைட்டை வெட்டி எடுத்த காலம் ஒன்று உண்டு. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் வெட்டிய கல் மேட்டூருக்கு வரும். அங்கே மெட்ராஸ் அலுமினியம் கம்பெனியின் ஆலை 1965 முதல் அதை உலோகமாக்கியது. 2008-ல் உருக்குவதை நிறுத்திவிட்டார்கள்.

நான் ஓட்டும் ரோடு பைக்கில் அந்த மலையின் மண் ஒரு சிட்டிகைகூட இருக்காது. கினியாவோ ஆஸ்திரேலியாவோ, எந்த ஊர்ச் செம்மண் அது என்பது விற்ற கடைக்காரருக்கும் தெரியாது, வெல்டிங் வைத்தவருக்கும் தெரியாது. ஆனால் கணக்கு எங்கும் ஒன்றுதான். ஏறத்தாழ நான்கு டன் பாக்சைட்டிலிருந்து இரண்டு டன் அலுமினா, அதிலிருந்து ஒரு டன் அலுமினியம். கிலோவுக்கு 13, 14 யூனிட் மின்சாரம். நடுத்தர விலை ரோடு பைக்கின் ஃபிரேம் ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ இருக்கும். ஆக, ஐந்தாறு கிலோ கல்லும் சின்னக் குடும்பம் ஒன்று மூன்று நான்கு நாள் எரிக்கும் கரண்டும் சேர்ந்ததுதான் அந்த முக்கோணம்.

இந்த உலோகம் சைக்கிளுக்குள் சுலபமாக நுழைந்துவிடவில்லை. எடையில் அது ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பிலும் மூன்றில் ஒரு பங்குதான். சிக்கலே அங்கேதான். இத்தாலியின் ஆலன், பிரான்சின் வீட்டுஸ் கம்பெனிக்காரர்கள் ஸ்டீல் வண்டியின் குழாய் அளவையே வைத்துக்கொண்டு அலுமினியக் குழாய்களைப் பசை போட்டு இணைத்தார்கள். வண்டி லேசு, எழுந்து நின்று மிதித்தால் நெளியும். ஷான் கெல்லி போன்ற முரட்டு வீரர் அதை வைத்தே பெரிய பந்தயங்களை ஜெயித்தார் என்பது கெல்லியின் பெருமை, வண்டியின் பெருமை அல்ல.

வழியைக் காட்டியவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவராக இருந்த கேரி கிளைன். குழாயைப் பருமனாக்கினால் போதும் என்றார். சுவரின் கனத்தை மாற்றாமல் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் எடை இரண்டு மடங்காகும். விறைப்பு எட்டு மடங்காகும். 1983-ல் கேனன்டேல் கம்பெனி பருத்த குழாய் வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். 1998-ல் மார்கோ பந்தானி டூர் தி பிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்தது பியாங்கி அலுமினிய வண்டியில். அதன் பிறகு பந்தயக்காரர்கள் கார்பனுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போனது நமக்கு நல்லதாயிற்று என்பது என் கட்சி. பந்தயத்துக்காகக் கற்றுக்கொண்ட கைவேலை அத்தனையும் நடுத்தர விலை வண்டிக்குள் இறங்கிவிட்டது.

அந்தக் கைவேலை பெருமளவு தைவானில் இருக்கிறது. ஜயன்ட், மெரிடா இரண்டும் 1972-ல் அங்கே தொடங்கியவை. ஜயன்ட்டைத் தொடங்கிய கிங் லியூ விலாங்கு மீன் வளர்த்தவர். புயல் பண்ணையை அழித்த பிறகு சைக்கிள் தொழிலுக்கு வந்தார். முதலில் அமெரிக்காவின் ஷ்வின் போன்றவர்களுக்குச் செய்துகொடுத்து, பிறகு தன் பெயரிலேயே விற்றார். இன்றும் ஐரோப்பிய, அமெரிக்கப் பெயர் எழுதிய எத்தனையோ வண்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தால், பெடல் அச்சுக்குக் கீழே ‘மேட் இன் தைவான்’ ஸ்டிக்கர் இருக்கும்.

6061 என்ற கலவையில் அலுமினியத்தோடு கொஞ்சம் மக்னீசியம், கொஞ்சம் சிலிக்கான். குழாயின் இரண்டு முனையும் கனமாக, நடு மெலிதாக இழுக்கிறார்கள். வெல்டிங் விழும் இடத்தில் சதை வேண்டும், நடுவில் வேண்டாம். பிறகு அச்சுக்குள் வைத்து, உள்ளே திரவத்தை உயர் அழுத்தத்தில் செலுத்தி வேண்டிய வடிவத்துக்கு உப்ப வைக்கிறார்கள். வெல்டிங்தான் கடினம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படிந்த ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். தோலை உடைத்து, உள்ளே ஓட்டை விழாமல், ஆர்கான் வாயுவின் காப்பில் பற்றவைப்பதற்குக் கை பழகியிருக்க வேண்டும். ஹேண்டில்பார் குழாயும் கீழ்க்குழாயும் சேரும் மூலையில் விரலால் தடவினால் மீன் செதில் போல அடுக்கு அடுக்காகத் தட்டுப்படும். அடுக்குகள் ஒரே சீராக இருந்தால் வைத்தவர் கைகாரர்.

வெல்டிங் முடிந்த ஃபிரேம் நோஞ்சான். சூடு பட்ட இடமெல்லாம் பலம் போயிருக்கும். அதைச் சுமார் 530 டிகிரி உலையில் வைத்து, எடுத்தவுடன் நீரில் அமிழ்த்துகிறார்கள். அந்த அதிர்ச்சியில் ஃபிரேம் கொஞ்சம் கோணும். அப்போது உலோகம் இன்னும் மென்மையாக இருப்பதால், தொழிலாளி அதை மேடையில் பூட்டி, நெம்புகோல் போட்டு, அளவு பார்த்து நேராக்குவார். அதன் பிறகு சுமார் 175 டிகிரியில் பல மணி நேரம் வேகவைத்தால் இறுகிவிடும். டி6 என்று ஃபிரேமில் எழுதியிருப்பது இந்தச் சடங்குக்குத்தான்.

கியரும் செயினும் ஷிமானோ. 1921-ல் ஜப்பானின் சக்காய் நகரில் தொடங்கிய கம்பெனி; இன்று மலேசியாவில் ஜோகூரின் பொந்தியானிலும் பாகங்கள் செய்கிறது. அதன் 105 வரிசைதான் நடுத்தரம் என்பதற்கு ஊரறிந்த அடையாளம். முன் ஃபோர்க் மட்டும் கார்பன். எல்லாம் பூட்டினால் ஒன்பது கிலோ சொச்சம். தாத்தா காலத்து சைக்கிள் இருபதைத் தொடும். பெட்டிக்குள் படுத்துக் கப்பலில் வரும் வண்டிக்கான சுங்கத்தை இங்கே 2023 பட்ஜெட்டில் 30-லிருந்து 35 சதவீதமாக ஏற்றினார்கள். ஜி.எஸ்.டி. மட்டும் 2025 செப்டம்பரில் 12-லிருந்து 5 ஆக இறங்கியது. விலை ஏன் லட்சத்தைத் தாண்டுகிறது என்று கேட்பவர்களுக்கு இதையும் சொல்வேன்.

எல்லாரும் கேட்பார்கள். சிக்னலில் நின்றால் கேட்பார்கள், டீக்கடையில் சாத்தினால் கேட்பார்கள். எங்கள் தெருமுனை பஞ்சர் கடைக்காரர் ஒருமுறை வண்டியைச் சுற்றி வந்து, “என்ன தம்பி, இவ்வளவு காசு வாங்கியிருக்கான், ஒரு ஸ்டாண்டு போட்டுத் தரக் கூடாதா?” என்றார். பிறகு டயரைப் பார்த்து, “மவுத்தே வேற மாதிரி இருக்கு.” உண்மைதான். இந்த ஊசி வால்வுக்கு அவர் பம்பும் பொருந்தாது, பெட்ரோல் பங்க் காற்றும் பொருந்தாது. சுண்டுவிரல் நுனி அளவுப் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளாமல் இந்த வண்டியில் ஊரைத் தாண்டக் கூடாது.

அலுமினியம் முதுகை உடைக்கும் என்பது சைக்கிள்காரர்களின் பழைய புகார். பாதி புகார் டயர் மேல் போக வேண்டியது. ஃபிரேம் மேலும் கீழும் வளைந்துகொடுப்பதைவிட டயர் அமுங்குவது பல மடங்கு அதிகம். 23, 25 மில்லிமீட்டர் டயரில் 100 பி.எஸ்.ஐ. காற்றை அடித்துக்கொண்டு நம் வேகத்தடைகள் மேல் ஏறினால் எந்த உலோகமும் குலுக்கத்தான் செய்யும். 28-க்கு மாறி, காற்றை உடல் எடைக்குத் தகுந்தபடி 75, 80-க்கு இறக்கிய பிறகு ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய் வருபவர்கள் இடுப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய பிரெவே ஓட்டத்துக்கும் இதே வண்டி தாராளம். மலைக்கு மட்டும் பின்சக்கரத்தில் 34 பல் கொண்ட பெரிய பல்சக்கரம் வேண்டும். 28 பல்லோடு கொல்லிமலைக்குப் போவது வீம்பு.

அலுமினியத்தின் எதிரி துருவல்ல, வியர்வை. உப்பு வடிந்து பாட்டில் திருகு, சீட் பிடி போன்ற இடங்களில் பெயிண்ட் கொப்புளிக்கும். சீட் குழாயை கிரீஸ் தடவாமல் ஆண்டுக்கணக்கில் விட்டால் உள்ளேயே பிடித்துக்கொண்டு வராது. கடலோரத்து ஊர்களில் இது இன்னும் சீக்கிரம். இன்னொன்று, ஸ்டீலுக்கு உள்ளதுபோல இத்தனைக்குக் கீழே சுமை இருந்தால் ஆயுசுக்கும் களைப்பில்லை என்ற எல்லை அலுமினியத்துக்குக் கிடையாது. ஒவ்வொரு மிதியும் கணக்கில் ஏறும். பயப்பட வேண்டாம், அந்தக் கணக்கு மிகப் பெரியது. நல்ல ஃபிரேம் பல பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்கும்.

அதனால்தான் செகண்ட் ஹேண்ட் சந்தையில் இந்த வண்டிகள் நிறையக் கைமாறுகின்றன. கொரோனா காலத்தில் வாங்கி பால்கனியில் மாட்டியவை, குழந்தை பிறந்ததும் நின்றுபோனவை. புதிதாக வாங்குவதைவிட இதுவே கெட்டிக்காரத்தனம். ஆனால் ஈரத்துணியால் துடைத்து, வெளிச்சத்தில் வைத்து, மூன்று இடம் பாருங்கள்: ஹேண்டில்பார் குழாயின் அடிமூலை, பெடல் அச்சைச் சுற்றி, சீட் குழாயின் பிளவு. மயிரிழைக் கோடு இருந்தால் நகத்தை மாட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் அது பெயிண்ட் கீறல் இல்லை. விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள். விரிசலை ஆர்கான் வெல்டிங்கில் அடைத்துத் தருகிறேன் என்பவர் கிடைப்பார். அந்த உலையும் நீரும் வேகவைப்பதும் இல்லாமல் வெறும் வெல்டிங் வைத்தால், பக்கத்திலேயே அடுத்த விரிசல் வரும். பின் கியரைத் தாங்கும் சின்ன ஹேங்கர் வளைந்திருந்தால் கவலை வேண்டாம். வண்டி விழும்போது ஃபிரேமுக்குப் பதில் அது வளைய வேண்டும் என்றுதான் செய்திருக்கிறார்கள். தனியாக வாங்கி மாற்றலாம்.

ஃபிரேம் உண்மையிலேயே முடிந்துவிட்டால் மொட்டை மாடியில் போட்டு வைக்காதீர்கள். பழைய அலுமினியத்தை உருக்க, புதிதாகச் செய்யத் தேவைப்படும் சக்தியில் சுமார் 5 சதவீதம் போதும். கார்பன் ஃபோர்க், ஸ்டீல் திருகுகள், பேரிங் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் காயலான் கடைக்குக் கொண்டுபோங்கள். கடைக்காரர் இரும்புத் தராசைக் காட்டினால், காந்தத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டாது. அலுமினிய விலைக்கே போடச் சொல்லுங்கள்.