மாறும் வட்டி வீட்டுக் கடன்

மாறும் வட்டி வீட்டுக் கடன் என்பது வீட்டை அடமானமாகப் பெற்று வழங்கப்படுவதும், தவணைக் காலம் முழுவதும் ஒரே வட்டியில் நில்லாமல் ஓர் அளவுகோல் விகிதத்தை ஒட்டி ஏறியிறங்குவதுமான நீண்டகாலக் கடனாகும். இந்தியாவில் 2010 முதல் அடிப்படை விகிதமும், 2016 முதல் வங்கி நிதி திரட்டும் செலவை ஒட்டிய விகிதமும் அளவுகோலாயின. இவற்றை வங்கிகளே கணக்கிட்டதால், ரிசர்வ் வங்கி தான் வங்கிகளுக்கு அளிக்கும் குறுகியகாலக் கடனுக்கான ரெப்போ விகிதத்தைக் குறைத்தபோதும் அதன் பயன் கடனாளியை மெதுவாகவே அடைந்தது. எனவே 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் வழங்கும் இவ்வகைப் புதிய கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைப்பது கட்டாயமாயிற்று. 9 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெறும் 30 லட்சம் ரூபாய்க்கு மாதத் தவணை ஏறத்தாழ 26,990 ரூபாய். முதல் தவணையில் 22,500 ரூபாய் வட்டிக்கே கழிய, அசலில் குறைவது 4,490 ரூபாய் மட்டுமே. வட்டி உயரும்போது தவணைத் தொகையை ஏற்றாமல் காலத்தை நீட்டும் வழக்கம் மொத்தச் சுமையைப் பெருக்குகிறது.