ஆறு மைல் தொலைவில் இருந்த கடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்த ஒருவன் தன் ஏழாவது வயதில்தான் முதன்முதலாகக் கடலைக் கண்டான் என்று சொன்னால் வெளியூரவர்கள் நம்ப மாட்டார்கள். வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே கடனீரேரி, மேற்கே தீவுகளுக்கிடையே ஆழமற்ற கடல் என்று சுற்றிவர நீரால் சூழப்பட்ட நிலம் அது. ஆயினும் என் கதை அதுதான். என் தலைமுறையில், உள்ளூர்த் தோட்டக்காரக் கிராமங்களில் பிறந்த பலருடைய கதையும் ஏறத்தாழ அதுவே.

நான் பிறந்த கிராமம் சுன்னாகத்துக்கு அண்மையில் உள்ளது. அங்கிருந்து வடகடல் ஆறு மைல். புகையிலையும் வெங்காயமும் மரக்கறியும் செய்கின்ற செம்மண் பூமி. துலா மிதித்து இறைத்த கிணற்று நீரும், விடிகாலையில் வாய்க்காலில் ஓடும் தண்ணீரின் சத்தமுமே எங்கள் உலகம். கடல் எங்களிடம் மீனாகவும் உப்பாகவும் மட்டுமே வந்தது. கரையோர ஊர்களிலிருந்து கடகத்தில் மீன் சுமந்து வரும் பெண்கள் படலையடியில் நின்று குரல் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவோம். அவர்களுடைய ஊருக்கு நாங்கள் போனதில்லை. தூரம் அதற்குக் காரணமன்று. கமஞ்செய்யும் ஊருக்கும் கடற்றொழில் செய்யும் ஊருக்கும் இடையே சாதி ஒரு கோடு கிழித்து வைத்திருந்தது. ஆறு மைலை அறுநூறு மைலாக்க அந்தக் கோடு போதுமானதாக இருந்தது.

1957ஆம் ஆண்டு ஆடி அமாவாசையன்று அந்தக் கடலை நான் கண்டேன். அதற்கு முந்திய ஆண்டில் அப்பு காலமாகியிருந்தார். தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசையில் விரதமிருந்து தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்வது எங்கள் வழக்கம். யாழ்ப்பாணத்தவர்கள் அதற்குக் கீரிமலைக்குப் போவார்கள். ஐயாவுக்கு அது முதலாவது அமாவாசை. தாயை இழந்தவர்களுக்குச் சித்திரைப் பூரணை. இரண்டும் இல்லாத எனக்கு அங்கே வேலை ஏதுமில்லை. ஆனால் அப்பாச்சி, "பொடியனும் வரட்டும், அப்புவுக்குச் சந்தோசமாயிருக்கும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் மறுபேச்சில்லை.

காங்கேசன்துறை வரை புகையிரதம் ஓடிய காலம் அது. 1956இல் தொடங்கிய யாழ்தேவியின் ஊதல் எங்கள் தோட்டத்துக்கும் கேட்கும். ஆயினும் அப்பாச்சியை ஏற்றிச் செல்வதற்காகத் திருக்கல் வண்டி பூட்டப்பட்டது. விடியப்புறம் நாலு மணிக்குப் புறப்பட்டோம். மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று வண்டி ஊர்ந்தது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலடியில் அப்பாச்சி மாருதப்புரவீகவல்லியின் கதையைச் சொன்னார். குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அந்த முகம் நீங்கப் பெற்றாள், அதனால்தான் அந்த ஊர் மாவிட்டபுரம் என்றார். கீரி முகம் நீங்கப் பெற்ற நகுல முனிவரின் கதையும் தொடர்ந்தது. எனக்கு இருந்த ஐயம் ஒன்றே. கடலில் குளித்தால் என் முகமும் மாறிவிடுமா?

வண்டியில் ஐயாவும் அயலவர் ஒருவரும் வேறொரு விடயத்தைப் பேசிக்கொண்டு வந்தார்கள். பண்டாரநாயக்கா, செல்வநாயகம் என்ற இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. பின்னாளில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து திகதிகளைப் புரட்டியபோதுதான் அதன் பொருள் விளங்கியது. பண்டா - செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானது 1957 ஜூலை 26. அவ்வாண்டு ஆடி அமாவாசையும் அதை ஒட்டிய நாள்களிலேயே வந்தது. இனிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று பெரியவர்கள் நம்பிய ஒரு விடியற்காலையில் நான் கடலைப் பார்க்கப் போயிருக்கிறேன்.

முதலில் கண்டது கடலையன்று, வானத்தின் முடிவை. பனைகளுக்கு அப்பால் நிலம் திடீரென்று நின்றுவிட்டது. அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்துகொண்டிருந்தது. படத்தில் பார்த்த மணற்கரை அங்கே இல்லை. கீரிமலைக் கரை சுண்ணாம்புக் கல்லாலானது. அரித்துக் கூராகிய பாறைகளில் அலை மோதித் தெறித்தது. ஐயாவின் வேட்டித் தலைப்பை நான் விடவேயில்லை.

ஆடவர்கள் முதலில் கடலில் முழுகி, பிறகு கேணியில் இறங்கினார்கள். கடலை ஒட்டி, இடையில் ஒரு சுவர் மட்டுமே இருக்க, அந்தப் பக்கம் உப்பு நீர், இந்தப் பக்கம் நல்ல தண்ணீர். ஒரு கையால் கடலையும் மறு கையால் கேணியையும் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். அந்த வியப்பு இன்னும் நாவில் நிற்கிறது. ஐயா சொன்னார்: "தம்பி, எங்கடை கிணத்துத் தண்ணிதான் நிலத்துக்குக் கீழாலை வந்து இஞ்சை கடலோடை சேருது."

ஐயா விஞ்ஞானம் படித்தவரல்லர். ஆனால் அவர் சொன்னது பெரும்பாலும் சரி. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. எங்கள் கிணறுகள் எல்லாம் அந்தப் படையிலிருந்தே இறைக்கின்றன. மிஞ்சியது கரைகளை நோக்கி நகர்ந்து கசிகிறது. அது ஊற்றாக வெளிப்படும் இடங்களில் ஒன்றுதான் கீரிமலை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாழ்ந்த எங்கள் கிராமம், தன் காலடியில் கடலோடு தொடுக்கப்பட்டிருந்தது.

அன்றைய நாளில் நான் கவனித்தும் விளங்கிக்கொள்ளாத ஒன்று உண்டு. வண்டியை ஓட்டிவந்தவர் ஐயாவைவிட மூத்தவர். அவருக்கும் தகப்பன் இறந்திருப்பார். ஆயினும் அவர் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வண்டியடியிலேயே இருந்தார். எங்கள் வீட்டார் அவரைக் கேணிக்கு அழைக்கவில்லை. அவரும் எழுந்து வரவில்லை. அவரை ஏழு வயதுப் பையனான நான் பெயர் சொல்லியே அழைத்தேன் என்பதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன். பொது இடங்களில் சாதியின் பெயரால் மறிப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்ததும் அதே 1957இல்தான். சட்டம் வந்து பதினொரு ஆண்டுகள் கழித்து, 1968இல், நாங்கள் அன்று கடந்துவந்த மாவிட்டபுரத்திலேயே ஆலயப் பிரவேசப் போராட்டம் நடக்க வேண்டியிருந்தது. உரிமை கேட்ட எங்கள் வரலாற்றை எழுதும்போது, நாங்கள் மறுத்த உரிமைகளையும் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

மத்தியானம் வீடு திரும்பிக் காத்தோட்டிக்காய்க் கறியோடு ஐயா விரதம் முடித்தார். முகம் மாறவில்லை என்பதைக் கண்ணாடியில் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

அடுத்த ஆண்டு கடல் வேறு முகத்தோடு வந்தது. 1958 ஏப்ரலில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் கலவரம் மூண்டது. கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த சின்னமாமா, அகதிகளை வடக்கே கொண்டுவந்த கப்பல்களுள் ஒன்றில் வந்து சேர்ந்தார். கையில் ஒரு தோற்பை மட்டுமே இருந்தது. புகையிரதத்தில் போனவர் கப்பலில் திரும்பியது எனக்குப் பெரிய சாகசமாகப் பட்டது. "கப்பல் எப்பிடி இருந்தது மாமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

உல்லாசத்துக்காகக் கடலுக்குப் போவது என்ற எண்ணமே எங்களுக்குப் பின்னர்தான் வந்தது. பாடசாலைச் சுற்றுலாவில் பொன்னாலைப் பாலம் கடந்து காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் போனபோது, சவுக்கு மர நிழலும் வெண்மணலும் இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடந்து போகக்கூடிய அமைதியும் கண்டு, கடல் சிரிக்கவும் கூடும் என்று அறிந்தேன். 1972இல் தொழில் தேடிக் கொழும்புக்கு வந்த பிறகு மாலைகளைக் காலிமுகத்திடலில் கழித்தேன். பெண்களும் பிள்ளைகளும் காற்று வாங்குவதற்கென்று ஆள்பதி ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை அது. ஆனால் 1956 ஜூன் 5ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழ்த் தலைவர்களும் தொண்டர்களும் தாக்கப்பட்டதும் அதே திடலில்தான். கடலை வெறுமனே பார்த்துக்கொண்டு கடலை கொறிக்கும் பாக்கியம் எங்களுக்கு நெடுங்காலம் நீடிக்கவில்லை.

1983 ஜூலையில் என் முறை வந்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் சில நாள்கள் இருந்துவிட்டு, சரக்குக் கப்பல் ஒன்றின் தளத்தில் ஏற்றப்பட்டேன். இராமர் அணைப் பக்கம் பெரிய கப்பல் போக ஆழம் போதாது. ஆகையால் தென்முனையைச் சுற்றிக் கிழக்குக் கரை வழியாகவே வடக்கே வர வேண்டும். என்னைத் துரத்திய நாட்டை முக்கால் வட்டம் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தேன். முடிவில் பனைகளின் தலைகள் தெரிந்தன. பிறகு 1893இல் கட்டப்பட்ட காங்கேசன்துறை வெளிச்சவீடு, 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கி. மேற்கே சற்றுத் தள்ளிக் கீரிமலை இருக்க வேண்டும். ஏழு வயதில் கரையிலிருந்து கடலைப் பார்த்து அஞ்சியவன், முப்பத்துமூன்று வயதில் கடலிலிருந்து கரையைப் பார்த்து அழுதேன். சின்னமாமா ஏன் பதில் சொல்லவில்லை என்பது அன்று விளங்கியது.

அந்தக் கரையும் நிலைக்கவில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். புகையிரதம் நின்றது. தொழிற்சாலை மூடப்பட்டது. அவ்வாண்டிலேயே கீரிமலை நகுலேஸ்வரம் குண்டுவீச்சில் சிதைந்தது. பின்னர் உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயர் அந்த நிலத்தின் மேல் விழுந்தது. பிதிர்க்கடன் செய்யும் கரை முட்கம்பிக்கு அப்பால் போயிற்று.

1994இல் ஐயா காலமானார். நான் மீண்டும் கொழும்பில் இருந்தேன். பாதைகள் அடைபட்டிருந்தமையால் செத்தவீட்டுக்குப் போகவில்லை. போக முயன்றவர்கள் இரவில் கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடந்தார்கள். நான் துணியவில்லை என்பதே உண்மை. தம்பி அஸ்தியைப் பருத்தித்துறைக் கடலில் கரைத்தான். ஐயா ஆண்டு தவறாது போன கீரிமலைக்கு அவரைக் கொண்டுபோக முடியவில்லை. ஆடி அமாவாசை தோறும் நான் வெள்ளவத்தைக் கடற்கரையில், புகையிரதத் தண்டவாளத்தைக் கடந்து, கல்லணையில் நின்று எள்ளும் நீரும் இறைத்தேன். எல்லாக் கடலும் ஒரு கடல்தானே என்று ஐயர் ஆறுதல் சொன்னார். எனக்கு ஆறவில்லை. அந்தக் கடலில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கலப்பதில்லை.

போர் 2009இல் முடிந்தது. 2013 ஆடி அமாவாசைக்கு, பத்தொன்பது ஆண்டுகள் பிந்தி, கனடாவிலிருந்து வந்திருந்த பேரனையும் அழைத்துக்கொண்டு கீரிமலைக்குப் போனேன். கூரையற்ற வீடுகளுக்குள் மரங்கள் வளர்ந்திருந்தன. புகையிரதப் பாதை அப்போது இன்னும் காங்கேசன்துறையை எட்டவில்லை, 2015இல்தான் எட்டியது. காவலரண்களைத் தாண்டிக் கரைக்குப் போய்க் கடலில் முழுகிக் கேணியில் இறங்கினேன். தண்ணீர் அதே குளிர்ச்சி. பேரன் இரண்டு பக்கத்து நீரையும் அள்ளிச் சுவைத்துவிட்டு, "இது எப்பிடி அப்பப்பா?" என்று கேட்டான். ஐயா சொன்ன அதே வசனத்தைச் சொன்னேன். வண்டியடியில் இருந்த முதியவரைப் பற்றியும் சொன்னேன். அது ஐயா எனக்குச் சொல்லாதது.

வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. இன்னும் திரும்பக் கிடைக்காத காணிகளும் உண்டு. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கிய செய்தியைப் படித்தபோது, அந்தத் துறையில் நான் இறங்கிய நாள் நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே கையில் பயணப்பொதியோடு, விரும்பி வருகிறவர்கள் இறங்குகிறார்கள். அவர்களில் யாரேனும் ஒருவரிடம் ஒரு சிறு பையன் "கப்பல் எப்பிடி இருந்தது?" என்று கேட்டால் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.