மிளகு போடாத மிளகு ரொட்டி

போன டிசம்பரில் யோங் பெங் வீட்டில் கிராம்பு, பட்டை, ஏலக்காய், ஜாதிபத்திரி, சோம்பு, கொத்தமல்லி விதை எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "என்ன, ஆட்டிறைச்சி பிரட்டலா?" பிஸ்கட் என்றேன். வந்து எட்டிப் பார்த்தவர், "இனிப்புல யாராச்சும் கொத்தமல்லி போடுவாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஜெர்மன்காரர்கள் போடுகிறார்கள். நான் செய்ய முயன்றது லேப்கூகன். தேன், பாதாம், கொஞ்சம் மாவு, நிறைய மசாலா சேர்த்து கிறிஸ்துமஸ் காலத்தில் சுடும் மெத்தென்ற ரொட்டி. ஜெர்மனியின் கிழக்குப் பகுதிகளில் இந்த வகைக்கு ஃபெஃபர்கூகன் என்று பெயர். நேராகச் சொன்னால் மிளகு கேக். வேடிக்கை என்னவென்றால், நான் பார்த்த பெரும்பாலான செய்முறைகளில் மிளகே இல்லை. இடைக்கால ஜெர்மனியில் கடல் கடந்து வந்த மசாலா எதுவானாலும் 'மிளகு' என்ற ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டார்களாம். அந்தச் சரக்கை விற்றுக் கொழுத்த வணிகர்களை ஊரார் 'மிளகு மூட்டைகள்' என்று திட்டினார்கள். ஜெர்மன் மொழியில் அந்த வசை இன்றும் உண்டு.

லேப்கூகனுக்குப் பேர்போன ஊர் நூரம்பெர்க். கடற்கரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் வணிகப் பாதைகள் கூடும் ஊர், சுற்றிலும் தேன் எடுக்கும் காடு. 1395இலேயே அங்கே லேப்கூகன் சுடுபவர் பற்றிய பதிவு இருக்கிறது. 1487இல் பேரரசர் மூன்றாம் ஃபிரெட்ரிக் தன் உருவம் பதித்த லேப்கூகனை ஊர்ப் பிள்ளைகள் நாலாயிரம் பேருக்குக் கொடுத்தார் என்பார்கள். (தலைவர் படம் போட்ட இலவசம் நமக்குப் புதுசா என்ன?) 1643இல் இந்த ரொட்டி சுடுபவர்களுக்கென்றே தனிச் சங்கம் அமைந்தது.

அந்த 1487இல் ஒரு கிராம்பு அங்கே எப்படிப் போயிருக்கும்? அன்று கிராம்பு விளைந்தது வட மலுக்குத் தீவுகளில் மட்டும், ஜாதிக்காய் பண்டா தீவுகளில் மட்டும். அங்கிருந்து மலாக்கா, பிறகு இந்தியக் கரை, செங்கடல், அலெக்ஸாண்டிரியா, வெனிஸ். வெனிஸில் ஜெர்மன் வணிகர்கள் தங்கிச் சரக்கெடுக்கவே ஒரு பெரிய கட்டடம் இருந்தது. அங்கிருந்து கோவேறு கழுதையில் ஆல்ப்ஸ் மலை ஏறி நூரம்பெர்க்.

இந்தப் பட்டியலில் மலாக்கா மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டிலிருந்து காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

1511இல் மலாக்காவைப் போர்த்துகீசியர் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு அங்கே வந்து சேர்ந்த தோமே பிரெஸ் என்ற மருந்துச் சரக்கர், ஊரின் வணிகத்தை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அவர் குறிப்பிடும் பெருவணிகர்களில் கெலிங் எனப்பட்ட தமிழ் வணிகர்கள் முக்கியமானவர்கள். நைனா சூரியதேவன் என்பவர் மலுக்குக்கும் பண்டாவுக்கும் கப்பல் அனுப்பிக் கிராம்பும் ஜாதிக்காயும் எடுத்தார். கெலிங் என்ற சொல்லைக் கவனியுங்கள். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லால் அடிபடாத மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. ஒரே சரக்கைக் கைமாற்றிய இரண்டு கூட்டத்தின் பெயர்களும் வசையாகிவிட்டன. ஆனால் 'மிளகு மூட்டை' பணக்காரனைத் திட்டும் சொல். கெலிங், நம் தாத்தாக்கள் இங்கே கூலிகளாக வந்து இறங்கிய பிறகு, ஏழையைத் திட்டும் சொல்.

இதைப் படித்த கையோடு எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. 'வெள்ளைக்காரன் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கே மசாலா கொடுத்தது தமிழன்' என்று ஒரு பதிவுகூடப் போட்டேன். நிறைய விருப்பக்குறிகள். பிறகு அழித்துவிட்டேன்.

காரணம் நைனா செட்டு. மலாக்காவின் இன்னொரு பெரிய தமிழ் வணிகர். 1509இல் சிறைபட்ட போர்த்துகீசியர்களுக்கு உதவியவர், அல்புகெர்க் படையெடுத்து வந்தபோதும் அவர்கள் பக்கம் நின்றவர். பரிசாகப் பெண்டஹாரா பதவி கிடைத்தது. 1514இல் அதைப் பிடுங்கிக் கம்பார் அரசருக்குக் கொடுத்தார்கள். அவமானம் தாங்காமல் நைனா செட்டு தீயில் இறங்கி உயிரை விட்டார் என்று போர்த்துகீசிய நூல்கள் சொல்கின்றன. 'நாம் கொடுத்தோம்' என்கிற வாக்கியத்தில் இவரை எங்கே வைப்பது? கொடுத்தவராகவா, காட்டிக்கொடுத்தவராகவா, ஏமாந்தவராகவா?

அதோடு கிராம்பு நம்முடையதும் இல்லை. நாம் இடைத்தரகர்கள். விளைவித்தவர்களுக்கு என்ன ஆனது என்பதற்குப் பண்டா சாட்சி. 1621இல் டச்சு கம்பெனியின் யான் பீட்டர்சூன் கூன், ஜாதிக்காய் வணிகம் முழுக்கத் தன் கைக்கு வரவேண்டும் என்று அந்தத் தீவுகளை அழித்தார். ஏறத்தாழ 15,000 பேர் இருந்த இடத்தில் ஆயிரம் பேர் அளவில்தான் மிஞ்சினார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள், தப்பி ஓடினார்கள். நூரம்பெர்க்கில் அந்தச் சங்கம் அமைந்தது இதற்கு 22 ஆண்டுகள் கழித்து. ஜாதிபத்திரியை அம்மியில் வைக்கும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

நூரம்பெர்க்கும் வெறுமனே வாங்கித் தின்ற ஊர் இல்லை. 1505இல் லிஸ்பனிலிருந்து அல்மெய்தா தலைமையில் இந்தியாவுக்குக் கிளம்பிய கப்பல்களில் ஜெர்மன் பணம் இருந்தது. முதல் போட்டவர்களில் அவ்வூரின் இம்ஹோஃப், ஹிர்ஷ்ஃபோகல் குடும்பங்களும் உண்டு.

சரி, அடுப்புக்கு வருவோம். லேப்கூகனை உப்ப வைக்க மான்கொம்பு உப்பு வேண்டும். பெயர்தான் அப்படி, அமோனியம் கார்பனேட். ஒரு காலத்தில் நிஜமாகவே மான்கொம்பிலிருந்து எடுத்தார்கள். எங்கே தேடுவது என்று நினைத்துக்கொண்டே டவுனில் கேக் சாமான் கடைக்குப் போனேன். கடைக்கார சீன ஆன்ட்டி ஒரு நொடியில் எடுத்துக் கொடுத்தார், கிட்டத்தட்ட அதே அமோனியா மாவு. சாக்கோய் சுடுபவர்கள் வாங்கும் சாமானாம். பொட்டலத்தைத் திறந்தால் கழிவறை நெடி, வெந்தபின் வாசம் சுத்தமாகப் போய்விடும். ரொட்டிக்கு அடியில் வைக்கும் மெல்லிய மாவுத் தகடு மட்டும் இங்கே கிடைக்கவில்லை. சீனப் பெருநாளுக்கு முன்கூட்டியே வந்திருந்த குவே காப்பிட்டை வைத்துச் சுட்டேன். அதில் சீனி அதிகம். அடி கருகிப்போச்சு.

இன்னொரு விஷயம். ஜெர்மனியில் லேப்கூகன் சுட்டதும் கெட்டியாகிவிடும், டின்னில் ஒரு ஆப்பிள் துண்டைப் போட்டு நாள் கணக்கில் வைத்து மெதுவாக்குவார்கள். ஜொகூரில் ஆப்பிளே தேவைப்படவில்லை. மூடியைத் திறந்து வைத்தேன், ஒரே இரவில் ஈரக்காற்று அந்த வேலையைச் செய்துவிட்டது.

இரண்டாவது தடவை மிளகு சேர்த்தேன். எங்கள் மாநிலச் சின்னத்தில் மிளகு இலையும் காம்பிர் இலையும் இருக்கின்றன. சின்ன வயதில் வெறும் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். 1840களிலிருந்து ஜொகூர் ஆட்சியாளர்கள் ஆற்றோரங்களைச் சீனத் தலைவர்களிடம் ஒப்படைத்துக் காட்டைத் திருத்தினார்கள். சீனக் கூலிகள் காம்பிர் இலையைக் காய்ச்சிவிட்டு, அந்தச் சக்கையையே மிளகுக் கொடிக்கு உரமாகப் போட்டார்கள். மண் சலித்துப்போனது, விலை விழுந்தது, ரப்பர் வந்தது. 1917இல் அந்த கங்ச்சு முறையை ஒழித்தார்கள். ரப்பரோடு வந்தவர்கள்தான் நாங்கள். பாட்டி பால் வெட்டிய தோட்டத்து மண்ணில் அதற்கு முன் மிளகு இருந்ததா என்று கேட்க இப்போது அவர் இல்லை.

கடையில் எனக்குக் கிடைத்தது சரவாக் மிளகு. அரைக் கரண்டி போட்டேன். அம்மா ஒன்றை எடுத்துக் கோப்பி ஓவில் முக்கிச் சாப்பிட்டார்.

"இப்பதான் பிரட்டல் வாசம் முழுசா வருது," என்றவர் இன்னொன்றுக்காக டின்னைத் தன் பக்கம் இழுத்தார்.