மூழ்கினாலும் மீளும் நெல்: காவிரிப் படுகையும் வெள்ளம் தாங்கும் பயிர் ஆய்வும்

வெள்ளம் தாங்கும் நெல் என்பது, பயிர் முழுவதும் பல நாட்கள் நீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும் அழுகாமல், நீர் வடிந்தபின் மீண்டும் தளிர்த்து வளரக்கூடிய நெல் வகையைக் குறிக்கும். இப்பண்புக்குக் காரணமான சப்1 மரபணு 2006ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்டது. அதன் பின் தெற்கு ஆசியாவில் பரவலாகப் பயிரிடப்படும் பல நெல் இரகங்களில் அது சேர்க்கப்பட்டது. காவிரிப் படுகையில் நெடுங்காலமாகச் சம்பா பருவத்தில் பயிரிடப்படும் சி.ஆர். 1009 இரகமும் அவற்றுள் ஒன்று. இதே காலத்தில், நீருக்குள் இருக்கும் நெல் இலை எவ்வாறு மூச்சுவிடுகிறது என்ற கேள்வி, உயிரியலையும் பொருளறிவியலையும் ஒன்றாக இணைத்த ஆய்வாக வளர்ந்தது.

நன்னிலமும் வடியாத நீரும்

திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த நன்னிலம், பெயருக்கேற்ப வளமான வயல்களைக் கொண்ட வட்டம். அரசலாறு, திருமலைராஜனாறு, முடிகொண்டானாறு முதலிய காவிரியின் கிளைகள் இப்பகுதி வழியாகக் கிழக்கு நோக்கிச் சென்று வங்கக் கடலை அடைகின்றன. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு, ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் நாளையொட்டி அணை திறப்பது வழக்கமாயிற்று. நீர் வரத்தைப் பொறுத்துக் குறுவை, சம்பா, தாளடி என்று பருவங்கள் அமைகின்றன.

இப்பகுதியின் சிக்கல் அதன் தட்டையான நிலஅமைப்பில் உள்ளது. கடலை நெருங்க நெருங்க நிலத்தின் சரிவு மிகவும் குறைந்துவிடுகிறது. கோடையில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதில்லை என்பது ஒரு கவலை என்றால், ஐப்பசி, கார்த்திகையில் வந்த தண்ணீர் வடிவதில்லை என்பது மற்றொரு கவலை. வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது ஆறுகளும் நிரம்பி, கடலும் பொங்கி நிற்பதால், வயலில் தேங்கிய நீர் வெளியேற வழியின்றி நாட்கணக்கில் நிற்கும். வடிகால் வாய்க்கால்கள் வெங்காயத் தாமரையாலும் தூர்வாலும் அடைபட்டிருந்தால் நிலைமை மேலும் மோசமாகும். சம்பா நாற்று நடவு முடிந்து தூர் கட்டும் பருவமும் இந்த மழைக்காலமும் ஒன்றாகவே வருகின்றன. 1952, 1977 ஆகிய ஆண்டுகளின் நவம்பர் மாதப் புயல்கள், 2020 டிசம்பரில் புரெவி புயலையொட்டிப் பெய்த மழை, 2021 நவம்பர் மழை ஆகியவை டெல்டா விவசாயிகளின் நினைவில் நிற்பவை.

உயர்ந்த பயிரிலிருந்து குட்டைப் பயிருக்கு

பழைய நெல் வகைகள் பெரும்பாலும் உயரமானவை. இடுப்பளவு நீர் நின்றாலும் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக்கூடியவை அவற்றில் பல. காட்டுயானம், குடைவாழை போன்ற வகைகள் நீர் தேங்கும் நிலத்துக்கு ஏற்றவை என்று விவசாயிகள் பெயர் சொல்லி வைத்திருந்தனர். ஆனால் உயர்ந்த பயிருக்கு உரம் கூடுதலாக இட்டால் கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும்.

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையிலுள்ள ஆடுதுறையில் 1922இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிலையம் என வழங்கும் இந்நிறுவனத்தின் இரகங்கள் ஏ.டி.டி. என்ற எழுத்துகளோடு வெளிவருகின்றன. ஜப்பானிய நோரின் 10 இரகத்தையும் கோயம்புத்தூரில் உருவான ஜி.இ.பி. 24 இரகத்தையும் கலந்து உருவாக்கப்பட்ட ஏ.டி.டி. 27, 1960களின் நடுவில் தஞ்சை மாவட்டத்தின் குறுவைப் பரப்பில் வேகமாகப் பரவியது. 1966இல் பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 இரகத்தை வெளியிட்டது. தைவானின் குட்டை நெல் ஒன்றையும் இந்தோனேசியாவின் பேட்டா நெல்லையும் கலந்து பிறந்த இந்த இரகம், உரத்தை ஏற்றும் சாயாமல் நின்றது.

குட்டைத் தன்மைக்குக் காரணமான மரபணு எஸ்டி1 எனப்படுகிறது. தண்டை நீளச் செய்யும் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தயாரிக்கும் நொதி ஒன்றை இம்மரபணு உருவாக்குகிறது. குட்டை இரகங்களில் இது பழுதுபட்டிருக்கிறது. விளைச்சலைப் பெருக்கிய அந்தப் பழுதே வெள்ளத்தின் முன் பயிரைப் பலவீனமாக்கியது. முன்பு முழங்கால் நீரில் தலை நிமிர்ந்து நின்ற வயல், இப்போது முழுமையாக மூழ்கியது.

ஒடிசாவின் ஒரு நாட்டு நெல்

மூழ்கும் நெல்லுக்கான விடை ஒடிசா விவசாயிகளின் வயலில் இருந்தே கிடைத்தது. அங்கு தலபுட்டியா என்ற நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர். 13ஏ என்ற வகை, இரண்டு வாரங்கள்வரை முழுவதும் மூழ்கியிருந்தாலும் பிழைத்தது. எஃப்.ஆர். என்பது வெள்ளம் தாங்குவது என்ற பொருளுடைய ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். ஆனால் இதன் விளைச்சல் குறைவு. சோற்றுத் தரமும் விரும்பத்தக்கதாக இல்லை. மரபான ஒட்டு முறையில் இப்பண்பை நல்ல இரகங்களுக்கு மாற்ற முயன்றபோது, வேண்டாத பண்புகளும் கூடவே வந்தன.

1996இல் கெனொங் சூ, டேவிட் மெக்கில் ஆகியோர் இப்பண்புக்குரிய இடம் நெல்லின் 9ஆவது குரோமோசோமில் உள்ளது எனக் கண்டறிந்து, அதற்குச் சப்1 எனப் பெயரிட்டனர். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2006இல், பமேலா ரொனால்டு, ஜூலியா பெய்லி செர்ரஸ் உள்ளிட்டோரும் சேர்ந்த குழு, அங்குள்ள சப்1ஏ என்ற மரபணுவே காரணம் என்று நேச்சர் இதழில் வெளியிட்டது.

பயிர் எப்படிப் பிழைக்கிறது?

செடிகள் எப்போதும் எத்திலீன் என்ற வாயுவைச் சிறிதளவு வெளிவிடுகின்றன. காற்றில் அது உடனே பரவிப் போய்விடும். நீரில் வாயுக்கள் காற்றைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுவதால், மூழ்கிய செடிக்குள் எத்திலீன் தேங்குகிறது. அதுவே செடிக்கு அபாய அறிவிப்பு. சாதாரண நெல் இந்த அறிவிப்பைக் கேட்டதும் நீருக்கு மேலே வர முயன்று அவசரமாக நீள்கிறது. அதற்காகச் சேமித்து வைத்திருந்த மாவுச்சத்தையும் சர்க்கரையையும் செலவழித்துவிடுகிறது. சில நாட்களில் கையிருப்பு தீர்ந்து, நீர் வடிந்ததும் வெளுத்த, நெட்டையான தண்டு மண்ணில் சாய்ந்து அழுகிவிடும்.

சப்1ஏ உள்ள நெல் வேறு வழியைப் பின்பற்றுகிறது. எத்திலீன் கூடும்போது இந்த மரபணு இயங்கி, ஜிப்ரலினின் வேலையைத் தடுக்கும் புரதங்களைப் பெருக்குகிறது. செடி நீள்வதை நிறுத்தி, சேமிப்பைச் செலவழிக்காமல் அசைவற்றுக் காத்திருக்கிறது. நீர் வடிந்தபின் மீதமுள்ள சேமிப்பைக் கொண்டு மீண்டும் தளிர்க்கிறது.

இதற்கு நேர்மாறான வழியும் நெல்லில் உண்டு. வங்கதேசம், தாய்லாந்து போன்ற நாடுகளில் மாதக்கணக்கில் ஆழமான நீர் நிற்கும் நிலங்களில் வளரும் ஆழ்நீர் நெல், ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் வளரக்கூடியது. 2009இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழு இதற்குக் காரணமான இரு மரபணுக்களைக் கண்டறிந்து, முக்குளிப்போர் மூச்சுக்குழாயின் பெயரால் சுநோர்கல்1, சுநோர்கல்2 என அழைத்தது. 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஆழ்நீர் நெல்லின் இந்த வேகமான வளர்ச்சியில் எஸ்டி1 மரபணுவின் ஒரு வடிவமும் பங்கேற்பதைக் காட்டியது. பசுமைப் புரட்சி பழுதாக்கித் தேர்ந்தெடுத்த அதே மரபணு, வெள்ள நாட்டு நெல்லில் உயிர் காக்கும் கருவியாக இருந்தது.

இலையின் மேல் ஒரு வெள்ளிப் போர்வை

நெல் இலை ஒன்றைப் பறித்துக் கண்ணாடிக் குவளை நீரில் அமிழ்த்தினால், அது வெள்ளித் தகடு போல மின்னுவதைக் காணலாம். இலையைச் சுற்றி ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப் படலமே இதற்குக் காரணம். வெளியே எடுத்தால் இலை நனையாமல் இருக்கும். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்லும் அதே தன்மைதான் இது. நெல்லுக்கு மருந்து தெளிக்கும்போது துளிகள் உருண்டோடிவிடும் என்பதால்தான் விவசாயிகள் ஒட்டும் திரவம் சேர்க்கிறார்கள்.

1983இல் ராஸ்கின், கெண்டே ஆகியோர், நீரில் மூழ்கிய நெல் இந்தக் காற்றுப் படலத்தின் வழியாகக் காற்றைப் பெறுகிறது என விளக்கினர். 2009இல் ஓலே பெடர்சன், டிமத்தி கோல்மர் முதலியோர் சோப்புத் தன்மையுள்ள நீர்மத்தால் இலையைத் துடைத்துப் படலத்தை நீக்கிப் பார்த்தனர். படலம் இருந்த செடியில் பகலில் கரியமில வாயுவும் இரவில் ஆக்சிஜனும் எளிதாக உள்ளே சென்றன. வேருக்கும் ஆக்சிஜன் கிடைத்தது. படலம் நீக்கப்பட்ட செடியின் வளர்ச்சி குன்றியது. 2018இல் இப்படலத்தைக் காக்கும் எல்ஜிஎஃப்1 என்ற மரபணு அறியப்பட்டது. இலையின் மேலுள்ள நுண்ணிய மெழுகுத் தகடுகள் உருவாவதற்கு இது தேவை. ஆனாலும் இந்தப் போர்வை நிலையானதன்று. சில நாட்கள் முதல் ஒரு வாரம்வரை நீருக்குள் இருந்தால் இலை நனையத் தொடங்கி, படலம் மறைகிறது.

இதே இலையைப் பொருளறிவியலார் வேறு கண்ணோடு பார்த்தனர். 1997இல் ஜெர்மனியின் பார்த்லாட், நைன்ஹுயிஸ் ஆகியோர் தாமரை இலை அழுக்கு ஒட்டாமல் இருப்பதற்கு அதன் மேற்பரப்பின் நுண்ணிய மேடுகளும் மெழுகும் காரணம் என விளக்கினர். 2002இல் சீனாவின் லேய் ஜியாங் குழு, மைக்ரோமீட்டர் அளவிலான மேடுகளின் மீது நானோமீட்டர் அளவிலான அமைப்புகளும் சேர்ந்திருப்பதே இதற்கு அடிப்படை எனக் காட்டியது. நெல் இலையில் இந்த மேடுகள் இலையின் நீளவாக்கில் வரிசையாக அமைந்துள்ளன. அதனால் நீர்த்துளி நீளவாக்கில் எளிதாகவும் குறுக்குவாக்கில் கடினமாகவும் உருள்கிறது. துளியை ஒரே திசையில் செலுத்தும் செயற்கைப் பரப்புகளை உருவாக்க நெல் இலை முன்மாதிரியாயிற்று. பயிர் ஆய்வாளர்களோ, காற்றுப் படலம் நீண்ட நாள் நிற்கும் நெல்லை உருவாக்க முடியுமா என்று பார்க்கின்றனர்.

டெல்டாவுக்கு வந்த மரபணு

சப்1 அறியப்பட்டதும், மூலக்கூறுக் குறியீடுகளின் துணையோடு திரும்பத் திரும்பத் தாய் இரகத்தோடு ஒட்டுச் சேர்க்கும் முறை பயன்படுத்தப்பட்டது. ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றுப் பருவத்திலேயே மரபணுவைச் சோதித்து, வேண்டியவை மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டன. அயல் உயிரின் மரபணு எதுவும் இதில் சேர்க்கப்படவில்லை. நெல்லின் மரபணுவே நெல்லுக்கு மாற்றப்பட்டது. இம்முறையில் உருவான சுவர்ணா சப்1 இந்தியாவில் 2009இல் வெளியிடப்பட்டது.

ஒடிசாவில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வின்படி, வயல் 10 நாட்கள் மூழ்கியபோது சுவர்ணா சப்1 மற்ற இரகத்தைவிடச் சுமார் 45 விழுக்காடு கூடுதல் விளைச்சல் தந்தது. தாழ்வான, வெள்ளம் தேங்கும் நிலங்கள் பெரும்பாலும் பட்டியல் சாதி விவசாயிகளிடம் இருந்ததால், அவர்களுக்கே இதன் பயன் கூடுதலாகக் கிடைக்கும் என்பதையும் அது சுட்டிக்காட்டியது. விதை கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையால் விவசாயிகள் உரத்துக்கும் நடவுக்கும் துணிந்து செலவு செய்தனர் என்று 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறியது.

டெல்டாவில் இதற்கு இணையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரகம் சி.ஆர். 1009. கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பங்கஜ், ஜகன்னாத் ஆகிய இரகங்களைக் கலந்து உருவாக்கப்பட்ட இது, சாவித்திரி என்றும் பொன்மணி என்றும் அழைக்கப்படுகிறது. ஏறத்தாழ ஐந்து மாத வயதுடைய இதன் குண்டு அரிசி இட்லிக்குப் பெயர்பெற்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதில் சப்1 மரபணுவைச் சேர்த்து சி.ஆர். 1009 சப்1 இரகத்தை உருவாக்கியது. விவசாயிகள் பழகிய இரகமே புதிய பண்போடு வந்ததால், நடவு முறையையோ அறுவடை நாளையோ மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

எல்லைகள்

சப்1 எல்லா வெள்ளத்துக்கும் மருந்தாகாது. தூர் கட்டும் பருவத்தில் இரண்டு வாரம்வரை மூழ்குவதையே அது தாங்கும். நேரடியாக விதைத்த வயலில் முளைக்கும் முன்பே மழைநீர் தேங்கினால் அது உதவாது. அத்தகைய முளைப்புக்கு உதவும் ஓஎஸ்டிபிபி7 என்ற மரபணு, மியான்மரின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து 2015இல் கண்டறியப்பட்டது. பூக்கும் பருவத்திலோ கதிர் முற்றிய பின்போ நீர் சூழ்ந்தாலும் சப்1 பயன்தராது. 2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில், டெல்டாவின் அறுவடைக்குத் தயாராயிருந்த கதிர்கள் சாய்ந்து முளைவிட்டன. அந்த இழப்பை எந்த வெள்ளம் தாங்கும் இரகமும் தடுத்திருக்க முடியாது.

2025 மே மாதத்தில் இந்தியா மரபணுத் திருத்தம் செய்யப்பட்ட இரு நெல் இரகங்களை அறிவித்தது. அவற்றுள் ஒன்றான டி.ஆர்.ஆர். தான் 100, டெல்டாவில் ஆந்திரா பொன்னி என அறியப்படும் சம்பா மசூரியிலிருந்து உருவானது. தாய் இரகத்தைவிட முன்னதாக முற்றுவது என்று அறிவிக்கப்பட்டது. பாதுகாப்புச் சோதனைகள், விதை உரிமை ஆகியவை குறித்து இவ்வறிவிப்புக்கு எதிர்ப்பும் எழுந்துள்ளது.

நாட்டு விதைகளின் இடம்

திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டிப் பகுதியைச் சேர்ந்த நெல் ஜெயராமன் (மறைவு: 6 டிசம்பர் 2018), 170க்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகளைத் தேடி மீட்டார். நெல் திருவிழாவில் விதை பெறும் விவசாயி, அடுத்த ஆண்டு அதை இரட்டிப்பாகத் திருப்பித் தரும் வழக்கத்தின் வழியே அவை பரவின. ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட சப்1ஏ, ஓஎஸ்டிபிபி7, சுநோர்கல் ஆகிய மூன்றுமே நாட்டு நெல் வகைகளிலிருந்து கிடைத்தவை. தலபுட்டியாவைப் பயிரிட்ட ஒடிசா விவசாயிகள் அதைக் கைவிட்டிருந்தால் சி.ஆர். 1009 சப்1 உருவாகியிருக்காது. காவிரிப் படுகையின் நீர் தாங்கும் மரபு வகைகள் எந்த வழியில் பிழைக்கின்றன என்பதை அறிய, அவற்றின் விதை முதலில் வயலில் உயிரோடு இருக்க வேண்டும்.