உராய்வும் எண்ணும்: அரிய விபத்துகளைக் கணக்கிடும் கலை, வெடிகுண்டு ஆலையிலிருந்து சிவகாசி வரை

விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்தால், மறுநாள் நாளிதழில் வரும் செய்தி ஏறக்குறைய முன்பே எழுதி வைத்ததுபோல் இருக்கும். மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டது, அறைகள் தரைமட்டமாயின, போர்மேன் கைது, உரிமையாளரைப் போலீசார் தேடி வருகின்றனர். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒரு விபத்துக்குக் காரணம் சொல்லிவிட்டு விபத்துகளைப் பற்றி எதுவும் சொல்லாமல் முடிந்துவிடுகிறது. எத்தனை ஆலைகளில், எத்தனை அறைகளில், எத்தனை நாள் வேலையில் இது ஒன்று? மற்ற அறைகளில் அன்று ஏன் எதுவும் நடக்கவில்லை? இந்தக் கேள்விகளுக்கான கணித முறை உருவான கதையைப் பட்டாசுத் தொழிலை மனத்தில் வைத்துப் படித்தால், சிவகாசியில் நாம் எண்ணத் தவறுவது எது என்று விளங்கும்.

அரிய நிகழ்வுகளின் கணக்கு தொடங்கிய இடம் தொழிற்சாலை அல்ல, நீதிமன்றம். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாய்சான் 1837இல் வெளியிட்ட நூல் தீர்ப்புகளின் நிகழ்தகவைப் பற்றியது. வாய்ப்புகள் ஏராளமாகவும் ஒவ்வொன்றிலும் நிகழ்தகவு மிகச் சிறிதாகவும் இருந்தால் எண்ணிக்கை எப்படிப் பரவும் என்ற சூத்திரம் அதில் ஒரு மூலையில் இருந்தது. அறுபது ஆண்டுகள் அதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 1898இல் போர்ட்கீவிச் என்ற அறிஞர் பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை எடுத்தார். பத்துப் படைப்பிரிவுகள், இருபது ஆண்டுகள், ஆக 200 பதிவுகள். மொத்த இறப்பு 122. ஒரு சாவுகூட இல்லாத பதிவுகள் 109. பாய்சான் சூத்திரம் எதிர்பார்த்ததும் 109தான். ஓராண்டில் ஒரே பிரிவில் நான்கு பேர் இறந்ததற்குத் தனிக் காரணம் தேட வேண்டியதில்லை, தற்செயலே போதும் என்பது இதன் பொருள்.

சிவகாசிக்கு நெருக்கமான அத்தியாயம் இதற்குப் பிறகு வருகிறது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிகுண்டு ஆலைகளில் பெண்கள் பெருமளவில் வேலைக்குச் சேர்ந்தனர். அவர்களுக்கு நேர்ந்த விபத்துகளை மேஜர் கிரீன்வுட் (மேஜர் என்பது பதவியல்ல, அவர் பெயரே அதுதான்) முதலில் ஹில்டா வுட்ஸுடன் 1919இலும், பின்பு உட்னி யூலுடன் 1920இலும் ஆராய்ந்தார். அவர்களுடைய அட்டவணைகளில் ஒன்று புள்ளியியல் பாடநூல்களில் இன்றும் உலவுகிறது. குண்டுக்கூடு செய்யும் வேலையில் இருந்த 647 பெண்கள், ஐந்து வாரங்கள். ஒரு விபத்தும் இல்லாதவர்கள் 447 பேர். ஒரு விபத்து 132 பேருக்கு. இரண்டு 42 பேருக்கு. மூன்று 21 பேருக்கு. நான்கு மூன்று பேருக்கு. ஐந்தும் அதற்கு மேலும் இரண்டு பேருக்கு. சராசரி 0.465.

எல்லாருக்கும் ஆபத்து ஒரே அளவு என்றால், பாய்சான் கணக்குப்படி விபத்தே இல்லாதவர்கள் 406 பேர் இருக்க வேண்டும், இருந்ததோ 447. மூன்று விபத்தும் அதற்கு மேலும் கண்டவர்கள் எட்டுப் பேர் இருக்க வேண்டும், இருந்ததோ 26. இரு முனைகளும் பருத்து நடு மெலிந்திருந்தது. பாய்சான் பரவலில் சராசரியும் பரவற்படியும் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) சமம். இங்கே பரவற்படி 0.692. குதிரை உதைக்குப் பொருந்திய 'எல்லாருக்கும் ஒரே ஆபத்து' என்ற கருதுகோள் இங்கே உடைந்தது. ஆளுக்கு ஆள் ஆபத்து வேறுபடுகிறது என்று எடுத்துக்கொண்டு அவர்கள் அமைத்த பரவலுக்கு எதிர்மறை ஈருறுப்புப் பரவல் என்று பெயர். அது தரவோடு நன்றாகப் பொருந்தியது.

பொருந்தியதுதான் வினையாயிற்று. ஆபத்து வேறுபடுகிறது என்றால், வேறுபாடு ஆளிடம் இருக்கிறதா, அவர் நிற்கும் இடத்தில் இருக்கிறதா? அட்டவணை அதைச் சொல்லாது. ஆனால் 1926 வாக்கில் 'விபத்துக்கு உள்ளாகும் இயல்பு' என்ற கருத்து உளவியலாளரிடையே வேரூன்றியது. சிலர் பிறவியிலேயே கவனக்குறைவானவர்கள், அவர்களைக் கண்டுபிடித்து நீக்கினால் போதும் என்ற வாதம் முதலாளிகளுக்கு இனித்தது. 1931இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவன அலுவலர் ஹைன்ரிச், விபத்துகளில் 88 விழுக்காடு தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயலாலும் 10 விழுக்காடு மட்டுமே பாதுகாப்பற்ற சூழலாலும் நிகழ்வதாக எழுதினார். அவர் நம்பிய ஆவணங்களில் மேற்பார்வையாளர்கள் எழுதிக் கொடுத்தவையும் அடக்கம். யார் எழுதினாரோ அவர் மேல் பழி விழாத ஆவணம் அது. நம் ஊர் முதல் தகவல் அறிக்கையில் 'உராய்வு' என்று எழுதப்படும்போதும் இதே ஐயம் எழ வேண்டும். உராய்வு கையில் நிகழ்கிறது. ஆனால் நேற்று மிஞ்சிய மருந்தை அறையில் விட்டுவைத்தது யார், உள்குத்தகைக்கு விட்டவர் யார், உரிமத்தில் இல்லாத பேன்சி ரகத்தைச் செய்யச் சொன்னது யார் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோகின்றன.

1943இல் கணிதவியலாளர் வில்லியம் ஃபெல்லர் இந்தச் சிக்கலைக் கூர்மையாக்கினார். ஆபத்து ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும் சரி, ஒரு நிகழ்வு அடுத்த நிகழ்வின் வாய்ப்பைக் கூட்டினாலும் சரி, இரண்டிலிருந்தும் அதே பரவல் கிடைக்கலாம். ஆகவே எண்ணிக்கையை மட்டும் பார்த்து 'வேறுபாடா, தொற்றா' என்று தீர்ப்பளிக்க முடியாது.

சிவகாசியில் தொற்று என்பது உருவகம் அல்ல. அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட வேண்டும், ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்ற விதிகள் இருப்பதே ஓர் அறையின் வெடி அடுத்த அறைக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான். விதி காக்கப்பட்டால் ஒரு விபத்தில் இறப்போர் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. மீறப்பட்டால் அந்த வரம்பு காணாமல் போகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்து 38 பேருக்குக் குறையாமல் இறந்தனர். அவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளர்களே அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவ ஓடியவர்களும் பார்க்கப் போனவர்களும். 2016 அக்டோபரில் சிவகாசியில் பட்டாசுக் கிடங்கு தீப்பிடித்தபோது பக்கத்து ஸ்கேன் மையத்தில் இருந்தவர்கள் புகையில் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இப்படிப்பட்ட இடத்தில் இறப்புகளின் எண்ணிக்கை பாய்சான் விதிக்குக் கட்டுப்படாது. விபத்துகளை ஒரு கணக்காகவும், ஒவ்வொரு விபத்திலும் எத்தனை பேர் சிக்கினார்கள் என்பதை வேறொரு கணக்காகவும் பிரித்தே ஆக வேண்டும். முதலாவது உராய்வு, ஈரம், வெப்பம் ஆகியவற்றைப் பொறுத்தது. இரண்டாவது அறையில் எத்தனை பேரை அடைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஆண்டுக்கு இத்தனை சாவு என்று ஒரே எண்ணாகக் கூட்டிச் சொல்வது இரண்டையும் குழப்பிவிடுகிறது.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதிலும் ஒரு பழைய பாடம் உண்டு. 1940இல் பிஷிபோரோவ்ஸ்கி, விலென்ஸ்கி என்ற இரு போலந்து ஆய்வாளர்கள், தீவன விதையில் கலந்த களை விதைகளை எண்ணி இரு மாதிரிகளை ஒப்பிட ஒரு சோதனையை உருவாக்கினர். அதை இங்கே போட்டுப் பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு, சென்ற ஆண்டு 14 விபத்து, இந்த ஆண்டு 8 என்று வைத்துக்கொள்வோம். ஆபத்து துளியும் மாறவில்லை என்றாலும், மொத்தம் 22 விபத்துகள் இரு ஆண்டுகளுக்கும் இவ்வளவு ஏற்றத்தாழ்வோடோ இதைவிட அதிகமாகவோ பிரிவதற்கான நிகழ்தகவு சுமார் 0.29. பத்தில் மூன்று தடவை சும்மாவே நடக்கக்கூடியதை, ஆலைகளைச் சோதிக்கும் ஆய்வுக் குழுக்களின் வெற்றி என்று அறிக்கை எழுதுபவர் வேண்டுமானால் சொல்லலாம்.

'எங்கள் ஆலையில் பத்து வருஷமாக ஒன்றும் நடக்கவில்லை' என்ற பேச்சுக்கும் விடை உண்டு. ஹேன்லி, லிப்மன்-ஹேண்ட் இருவரும் 1983இல் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை, ஒன்றும் கெடவில்லை என்றால் எல்லாம் சரிதானா என்று கேட்டது. ஒரு நிகழ்வும் காணாத காலம் பத்தாண்டு என்றால், 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது இவ்வளவே: ஆண்டு ஆபத்து பத்தில் மூன்றுக்கு மேல் இல்லை. அதாவது மூன்றரை ஆண்டுக்கு ஒரு விபத்து என்ற அளவு ஆபத்தைக்கூட அந்தப் பத்தாண்டு அமைதியால் மறுக்க முடியாது. ஆயிரம் ஆலைகளை ஒன்றாக எடுத்தால் கதை வேறு. அப்போது எண்கள் பேசத் தொடங்கும்.

அப்படி எடுக்கப் பகுதி எண், அதாவது மொத்தம் எத்தனை ஆலைகள், எத்தனை பேர் என்ற கணக்கு, வேண்டும். இந்த வட்டாரத்தில் எப்போதும் தகராறு அதில்தான். 1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய நாளிலிருந்தே வேலை ஆலைக்குள் மட்டும் நடக்கவில்லை. பெட்டி ஒட்டுவதும் திரி திரிப்பதும் வீட்டுத் திண்ணைகளுக்குப் போயின. 1985 முடிவில் சிவகாசியில் பதிவு பெற்ற தீப்பெட்டி ஆலைகளில் தொழிலாளர் 27,338, அவர்களில் குழந்தைகள் 2,941 என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் வரும் கணக்கு. அதற்கு இரண்டாண்டு முன்பு ஆய்வாளர் ஸ்மிது கோத்தாரி ஆங்கில வார இதழ்க் கட்டுரை ஒன்றில், தீப்பெட்டி, பட்டாசு இரண்டிலும் சேர்த்து உழைக்கும் குழந்தைகள் சுமார் 45,000 என்று எழுதினார். ஒன்று பதிவேட்டை எண்ணியது, மற்றது ஊரை எண்ணியது. பதிவேட்டில் இல்லாதவருக்கு மாதிரியில் இடம்பெறும் நிகழ்தகவு பூஜ்யம். மாதிரியை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தப் பூஜ்யம் மாறாது. உள்குத்தகை அறையில் வேலை செய்பவர் இன்றைய கணக்கில் நிற்பதும் இதே இடத்தில்தான்.

647 பெண்களின் அட்டவணைக்குக் கணினி தேவைப்படவில்லை. விபத்து நேராத 447 பேரையும் எழுதி வைத்த ஒரு பதிவேடுதான் தேவைப்பட்டது. மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) உரிமம், வெடிபொருள் துறையின் சென்னை அலுவலக உரிமம், நாக்பூர் அலுவலக உரிமம் என்று பிரிந்து கிடக்கும் ஆலைகளை ஒரே பட்டியலில் சேர்த்து, அறைகள் எத்தனை, வேலை நாட்கள் எத்தனை, அன்றன்று உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர், விபத்து எத்தனை என்று பூஜ்யங்களோடு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். உயிர்ச்சேதம் இல்லாத சிறு வெடிப்புகளும் அதில் ஏற வேண்டும்; தற்செயலையும் தவறையும் பிரித்தறியப் போதுமான எண்ணிக்கை அவற்றில்தான் கிடைக்கும். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியிலும் விருதுநகர் கல்லூரிகளிலும் கணிதமும் புள்ளியியலும் படிக்கும் மாணவர்கள் குதிரை உதைக் கணக்கைப் பரீட்சைக்குப் போட்டுப் பழகுகிறார்கள். மாவட்ட நிர்வாகமும் வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையும் இந்தப் பட்டியலை அவர்கள் கையில் கொடுக்கட்டும்.