பாதை புறம்போக்கும் ஆலை கேட்டும்

நம்ம சிவகாசியைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்திருக்கீங்களா? கரிசல் காட்டுக்கு நடுவே சின்னச் சின்ன அறைகள் தள்ளித் தள்ளி நிற்கும். அவை பட்டாசு ஆலைகள். ஒன்று வெடித்தால் அடுத்தது பற்றக்கூடாது என்பதற்காகச் சட்டமே கேட்கிற இடைவெளி அது. அறைகள் தெரிகின்றன. அங்கே போகிற வழி வரைபடத்தில் இருக்கிறதா?

19-ஆம் நூற்றாண்டில் வரிக்காக வயல் வயலாகச் சங்கிலி போட்டு அளந்தார்கள். சர்வே நம்பர், புலப்படம் எல்லாம் அப்படி வந்தவைதான். அதில் ஆட்கள் நடக்கிற வழி 'பாதை புறம்போக்கு' ஆனது. வரி வராத நிலம், ஆனாலும் எழுதி வைத்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் ஒரு வண்டிப்பாதையை யாராவது வேலி போட்டு அடைத்தால், புலப்படத்தைக் காட்டிக் கேட்க முடிகிறது.

2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' தொடங்கினார். யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம். பிளாட்பாரத்தைச் சாலையோடு ஒரு குறிப்பாகச் சேர்க்கலாம், தனிக்கோடாகவும் போடலாம். மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்கோ ஆலைக்கோ பிரிகிற வழியை 'சர்வீஸ் ரோடு' என்று வரைந்து, தனியார் வழி என்றும் குறிக்கலாம்.

தனியார் வழியை நாம எதுக்கு வரையணும்னு கேட்பீங்க. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. பட்டாசு ஆலை வெடித்ததில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை, சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள். அப்படி ஒரு நாளில் தீயணைப்பு வண்டிக்கு ஆலையின் பெயர் மட்டும் போதாது. கேட் எந்தப் பக்கம், மண் பாதை எங்கே பிரிகிறது, காட்டுக்குள்ளிருந்து ஆட்கள் எந்த வழியாக வெளியே வரலாம் என்பதும் தெரிய வேண்டும்.

நானும் ஒரு ஆலைப் பக்கம் வரைந்து பார்த்தேன். படத்தில் தெளிவாகத் தெரிந்த ஒரு கோட்டை நடைபாதை என்று போட்டுவிட்டு, அங்கே பல வருஷம் வேலைக்குப் போன என் அத்தையிடம் காட்டினேன். "அது ஓடைடா. மழை பெஞ்சா முழங்கால் தண்ணி. நாங்க வரப்பு மேலதான் போவோம்" என்றார்.

கோட்டை அழித்து, அத்தை விரல் வைத்த இடத்தில் வரைந்தேன். உங்க ஊர் வழியையும் நடக்கிறவங்ககிட்ட கேட்டுட்டு வரைங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.