சரிவில் ஒரு வலை

1976 மே மாதம். கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே டயப்ளோ என்றொரு சின்ன ஊர். ஒரு ஏக்கர் நிலம், 3,000 சதுர அடி வீடு, நீச்சல் குளம், விருந்தினருக்கென்று தனியாக இன்னொரு வீடு. எல்லாம் சேர்த்து 1,70,000 டாலருக்கு ஒரு பெண் வாங்கினார். கொஞ்ச காலத்திலேயே மண் நகர ஆரம்பித்தது. அஸ்திவாரம் இறங்கியது. சுவர்களில் விரிசல் ஓடியது. கதவு நிலைகள் கோணிக்கொண்டன. அடுத்தடுத்து வந்த சரிவுகளில் வீட்டுக்கு வரும் பாதையில் ஒரு பகுதியே போய்விட்டது. சேதமான நிலையில் சொத்தின் மதிப்பு 20,000 டாலர் வரை இறங்கியிருக்கலாம் என்றார்கள் நிபுணர்கள். சரிசெய்யவும் மறுபடி சரியாமல் தடுக்கவும் 2,13,000 டாலர் வரை ஆகுமாம். வாங்கிய காசைவிட அதை நிற்கவைக்கிற காசு அதிகம்!

காரணம் சிக்கலானது இல்லை. நிலத்தின் ஒரு பகுதி, கொட்டி நிரப்பிய மண். முறையாகக் கெட்டிப்படுத்தாத மண். விற்றவர்கள் காலத்திலேயே 1973இல் ஒரு சிறு சரிவு, 1975இல் ஒரு பெரிய சரிவு. அந்த இரண்டாவதில் 50, 60 அடி அகலத்துக்கு வட்டமாக மண் எட்டு, பத்தடி கீழே இறங்கியிருக்கிறது. விற்றவர்கள் இதை வாங்குபவரிடம் சொல்லவில்லை. தங்களுக்காக வீட்டை விற்றுக்கொடுத்த புரோக்கர்களிடமும் சொல்லவில்லை.

இதுவரைக்கும் ஊருக்கு ஊர் நடக்கிற கதைதான். வரலாறு ஆனது இதற்கப்புறம். அந்த புரோக்கர்கள் வீட்டை ஒருமுறை அல்ல, பலமுறை வந்து பார்த்திருக்கிறார்கள். விருந்தினர் வீட்டின் தரை மட்டமாக இல்லை என்பதும், சரிவில் ஒரு வலை போட்டிருந்தது என்பதும் அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. இது கொட்டிய மண் என்பதும் ஒருவருக்காவது தெரியும். வலையை யாராவது அழகுக்காகப் போடுவாங்களா? ஆனால் அது எதுக்குன்னு ஒருத்தரும் கேட்கவில்லை. மண்ணைச் சோதிக்கச் சொல்லவும் இல்லை.

வழக்கு நடந்தது. ஜூரி 1,97,000 டாலர் நஷ்டஈடு போட்டு, தவறைப் பலரிடம் பங்கு பிரித்தது. விற்றவர்களுக்கு 65 சதவீதம். புரோக்கர் நிறுவனத்துக்கு வெறும் 5 சதவீதம். அந்த 5 சதவீதத்தை எதிர்த்துத்தான் நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. கூட்டுப் பொறுப்பு என்ற விதிப்படி, மற்றவர்களால் கட்ட முடியாமல் போனால் அவர்களுடைய பங்கும் 5 சதவீதக்காரர் தலையில் விழலாம் என்ற பயமும் அன்றைய கலிபோர்னியாவில் உண்டு. 1984இல் தீர்ப்பு வந்தது. ‘ஈஸ்டன் எதிர் ஸ்ட்ராஸ்பர்கர்’ என்று சட்டப் புத்தகங்களில் இருக்கும் வழக்கு இதுதான். குறை தெரிந்திருந்தால் சொல்லியாக வேண்டும் என்ற சட்டம் அங்கே ஏற்கெனவே இருந்தது. நீதிமன்றம் ஒரு படி மேலே போனது: தெரியாது என்று சொன்னால் போதாது, வீடு விற்கிற புரோக்கர் நியாயமான திறமையோடும் அக்கறையோடும் வீட்டைப் பார்த்தாக வேண்டும், பார்த்தால் தெரியக்கூடியதை வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும். கண் இருந்தும் பார்க்காமல் விடுவது இனிமேல் பாதுகாப்பு ஆகாது.

இது எவ்வளவு பெரிய திருப்பம் என்று புரிய 1603க்குப் போக வேண்டும். லண்டனில் ஒரு பொற்கொல்லர் ஒரு கல்லை ‘பெசோவார்’ என்று சொல்லி 100 பவுனுக்கு விற்றார். ஆட்டு வயிற்றில் விளைகிற கல் அது. விஷமுறிவு என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். அது பெசோவார் இல்லை என்று தெரிந்ததும் வாங்கியவர் வழக்குப் போட்டார். தோற்றார். விற்றவர் ‘இது பெசோவார்’ என்றுதான் சொன்னார், ‘இதற்கு நான் உத்தரவாதம்’ என்று சொல்லவில்லையே என்றது நீதிமன்றம். வாங்குபவனே, நீதான் உஷாராக இருக்க வேண்டும். இந்த எண்ணம் கப்பல் ஏறி அமெரிக்கா போய், வீடு விற்பனையில் சட்டமாகவே உட்கார்ந்துகொண்டது.

(இந்த இடத்தில் ஒரு விஷயம். அதே ஆங்கிலேயர் இந்தியாவுக்கு எழுதிய 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. இன்றைக்கும் இருக்கிற சட்டம். நாம்தான் வில்லங்கச் சான்றிதழை நாலு தடவை புரட்டிவிட்டு, கூரையை அண்ணாந்துகூடப் பார்க்காமல் பத்திரம் முடிக்கிறோம்.)

அந்த டயப்ளோ வீடு கைமாறிய 1976ஆம் ஆண்டில்தான் அமெரிக்க வீட்டுப் பரிசோதகர் சங்கம் தொடங்கியது. காசு வாங்கிக்கொண்டு, வாங்குபவருக்காக ஒரு வீட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்துச் சொல்கிற ஆட்களின் சங்கம். எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கத் தேவையில்லை, எதை எழுதியே ஆக வேண்டும் என்று அவர்கள் ஒரு நடைமுறைத் தரம் வகுத்துக்கொண்டார்கள். 1984 தீர்ப்புக்குப் பிறகு இவர்களுக்கான தேவை கூடியது என்றால் அதில் ஆச்சரியம் இல்லை. 1985இல் கலிபோர்னியா சட்டமன்றம் தீர்ப்பைச் சட்டமாக்கியபோது, புரோக்கர் கண்ணால் பார்த்தால் போதும், எளிதில் போக முடியாத இடங்களுக்குள் நுழைய வேண்டாம் என்று எல்லை கட்டியது. 1987 முதல் விற்பவரும் வீட்டின் குறைகளைப் படிவத்தில் எழுதித்தர வேண்டியதாயிற்று. மீதி இருந்த பயத்தை புரோக்கர்கள் பரிசோதகர் பக்கம் நகர்த்திவிட்டார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். ‘நல்ல இன்ஸ்பெக்டரை வெச்சுப் பாருங்க’ என்பதில் பாதி அக்கறை, பாதி தற்காப்பு.

அப்போ பயம் கைக்கு வந்த பரிசோதகர் என்ன செய்வார்? இங்கேதான் எனக்கு இந்த வரலாறு பிடித்துப்போகிறது. அவர் ஒரு வருஷத்தில் நூற்றுக்கணக்கான வீடுகள் ஏறி இறங்குவார். வழக்கு வந்தால் வருஷங்கள் கழித்து வரும். அப்போது அந்த வீட்டின் அட்டிக் எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்குமா? இருக்காது. அவர் கையில் இருக்கப்போவது அன்றைக்கு எழுதிய காகிதமும் எடுத்த படமும்தான். அதனால் எந்த வீடானாலும் ஒரே வரிசை: கூரை, வெளிச்சுவரைச் சுற்றி ஒரு நடை, தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்பது, கீழே கிரால் ஸ்பேஸ், மேலே அட்டிக், மின்பெட்டி, குழாய்கள். தொண்ணூற்றொன்பது வீடுகளில் அட்டிக்கைப் பார்த்து, அவசரத்தில் நூறாவதில் விட்டால், நீதிமன்றத்தில் அந்தத் தொண்ணூற்றொன்பதும் சேர்ந்து அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்: ‘வழக்கமாகப் பார்ப்பீர்களே, இங்கே ஏன் பார்க்கவில்லை?’

எழுத்திலும் அப்படித்தான். ‘சுவர் பரவாயில்லை’ என்று எழுதினால் பிற்காலத்தில் அதற்கு யார் வேண்டுமானாலும் எந்த அர்த்தமும் சொல்லலாம். ‘மேற்குப் படுக்கையறை, ஜன்னலுக்குக் கீழே, தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை ஈரக்கறை, காரணம் தெரியவில்லை, கூரை வேலை தெரிந்தவரிடம் காட்டவும்’ என்று எழுதினால் அது என்றைக்கும் அதையேதான் சொல்லும். சங்கத்தின் தரத்தில் இன்னொரு விதி உண்டு: பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்க முடியாமல் போனால், பார்க்கவில்லை என்பதையும் ஏன் என்பதையும் எழுத வேண்டும். சாமான்களை நகர்த்த வேண்டியதில்லை, ஆபத்தான கூரையில் ஏற வேண்டியதில்லை. ஆனால் ‘பனி மூடியிருந்தது, கூரையைப் பார்க்கவில்லை’ என்ற வரி அறிக்கையில் இருந்தாக வேண்டும். தன் அறியாமையைத் தேதி போட்டு எழுதித்தரச் சொல்லும் தொழில் உலகத்தில் எத்தனை இருக்கிறது? நம் வரலாற்றுப் புத்தகங்களில்கூட இந்தப் பழக்கம் குறைவு.

ஆனால் காகிதம் என்று வந்துவிட்டால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியும். நியூ ஜெர்சியில் ஒரு ஜோடி தங்கள் முதல் வீட்டுக்காக 385 டாலர் கட்டணத்தில் பரிசோதகரை வைத்தது. ஒப்பந்தத்தில் ஒரு பத்தி: எது நடந்தாலும் தன் பொறுப்பு 500 டாலர் அல்லது கட்டணத்தில் பாதி, இரண்டில் எது குறைவோ அது. அதாவது 192 டாலர் 50 சென்ட். பின்னால் கூரை ஒழுகியது. செலவு 8,000லிருந்து 10,000 டாலர் வரை என்றார்கள். கீழ்நீதிமன்றம் கையெழுத்தைக் காட்டி, பொறுப்பு அந்த 192.50க்கு மேல் போகாது என்றது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பத்தியையே செல்லாது என்றது. அதன் வாதம் எளிமையானது: தப்பு செய்தால் இவ்வளவுதான் போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால், கவனமாக வேலை செய்ய அந்த ஆளுக்கு என்ன காரணம் மிச்சம்?

கலிபோர்னியா இதை முன்பே சட்டத்தில் எழுதிவிட்டிருந்தது. 1996இல் இயற்றிய சட்டப்படி, அறிக்கைக்கு வாங்கிய கட்டணத்தோடு பொறுப்பு முடிந்தது என்ற ஒப்பந்தம் செல்லாது. அதே சட்டம் இன்னொன்றையும் தடுத்தது: தான் பரிசோதித்த வீட்டில் அடுத்த 12 மாதங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு ரிப்பேர் வேலை செய்யக்கூடாது. குறை கண்டுபிடிப்பவனே குறையைச் சரிசெய்து சம்பாதித்தால் அந்த அறிக்கையை யார் நம்புவது?

ஆக, நல்ல பதிவு ஒரு பரிசோதகரைக் காப்பாற்றும். தான் ஒழுங்காகப் பார்த்ததைக் காட்டும் அளவுக்கு மட்டும். பார்க்காததை மூடிமறைக்க அது உதவாது. டயப்ளோவில் வலையைப் பார்த்தவர்கள் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்: ‘சரிவில் வலை இருக்கிறது, காரணம் தெரியவில்லை, மண்ணைச் சோதிக்கவும்.’ அந்த வரி அவர்களைக் காப்பாற்றியிருக்கும். அதைவிட, அந்தப் பெண் அந்த வீட்டை வாங்காமல் இருந்திருக்கலாம்.

கொரோனா காலத்து வீட்டுச் சந்தையில் இதெல்லாம் தலைகீழானது. ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் போட்டி போட்டபோது, ‘எனக்குப் பரிசோதனையே வேண்டாம்’ என்று எழுதிக்கொடுத்து வீட்டைப் பிடித்தார்கள் பலர். பரிசோதகர் உள்ளேயே போகாத வீட்டுக்கு ஏது அறிக்கை, ஏது பொறுப்பு? மாசசூசெட்ஸ் மாநிலம் இதற்கு ஒரு விதி கொண்டுவந்தது. 2025 அக்டோபர் 15 முதல் அங்கே வீடு விற்பவர், பரிசோதனையை விட்டுக்கொடுத்தால்தான் விற்பேன் என்று நிபந்தனை போட முடியாது. விட்டுக்கொடுப்பதாக முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருகிறவரின் விலையை ஏற்கவும் முடியாது.